வீட்டுக்கு ஒரு சிக்கனமான கிளாஸ் டி ஆம்ப்: காசை எங்கே போடுவது, எங்கே குறைப்பது?

நாதஅலை

வணக்கம் நண்பர்களே. சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த யாரும் கட்டக்கூடிய ரெண்டு அடுக்கில் ஒரு ஸ்டீரியோ கிளாஸ் டி போர்டு வரைந்துகொண்டிருக்கிறேன். (கிளாஸ் டி என்றால் டிரான்சிஸ்டர்களை மிக வேகமாக ஆன், ஆஃப் செய்து ஒலியைப் பெருக்கும் வகை.) செலவு கையைக் கடிக்கக்கூடாது, ஆனால் "இந்த விலைக்கு இதுவே அதிகம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் ரகமாகவும் இருக்கக்கூடாது.

இப்போதைக்குத் திட்டம் இது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப், 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை), முன்னால் சிக்னலைத் தயார்செய்ய என்இ5532 ஆப்ஆம்ப். அவுட்புட்டில் ஃபில்டராக, ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு காலுக்கும் 10 மைக்ரோஹென்றி இண்டக்டர், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஸ்விட்சிங் 600 கிலோஹெர்ட்ஸ். இந்தச் சிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சின்னக் காரணமும் உண்டு. சூடு வெளியேறும் உலோகப் பட்டை இதற்கு மேல்பக்கம் இருக்கிறது. அடியில் பட்டை இருக்கும் சிப்களைச் சாதா அயர்னால் ஒழுங்காக ஒட்டவே முடியாது. இதில் 44 காலையும் ஃப்ளக்ஸ் தடவி இழுத்துவிட்டால் போதும், மேலே ஹீட்சிங்கை வைத்து இறுக்கிவிடலாம்.

கேள்வி ரெண்டுதான். 48 வோல்ட் தேவையா? மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் எதில் பிடிக்கலாம்: இண்டக்டரா, கெப்பாசிட்டரா, ஹீட்சிங்கா, பவர் சப்ளையா?

வாட்_எதுக்கு

டேட்டாஷீட் முதல் பக்கத்துல 4 ஓமுக்கு 315 வாட்னு போட்டிருக்கும், அதைப் பார்த்துத்தானே எல்லாரும் இந்தச் சிப்புக்கு ஓடுறாங்க? பக்கத்துலயே "10 சதவீத டிஎச்டி"ன்னும் (டிஸ்டார்ஷன், அதாவது ஒலி சிதையுற அளவு) இருக்கும் பாஸ். அதாவது அலையோட தலை சீவி எறிஞ்ச பிறகு கிடைக்கிற வாட். 1 சதவீதத்துக்கு அவங்களே 260னுதான் சொல்றாங்க.

சப்ளை வோல்டேஜை வெச்சு நீங்களே கணக்குப் போடுங்க. வோல்டேஜின் வர்க்கத்தை ஸ்பீக்கர் ஓமோட ரெண்டு மடங்கால வகுத்தா, கிளிப் ஆகாம (அலையோட தலை வெட்டுப்படாம) வர்ற உச்ச வாட் கிடைக்கும். பிரிட்ஜ் (பாலம்) அவுட்புட், அதாவது ஸ்பீக்கரோட ரெண்டு முனையையும் எதிரெதிரா ஓட்டுறதால முழு வோல்டேஜும் ஸ்பீக்கருக்குக் கிடைக்குது. 48 வோல்ட்னா 8 ஓமுக்கு 144, 4 ஓமுக்கு 288. 36 வோல்ட்னா 81, 162. நிஜத்துல இழப்பெல்லாம் போக இதைவிடக் கொஞ்சம் குறையும்.

இப்ப 48க்கும் 36க்கும் என்ன வித்தியாசம்? 2.5 டெசிபல். வால்யூமைக் கொஞ்சம் திருப்புற அளவு. 1 வாட்டுக்கு 1 மீட்டர்ல 87 டெசிபல் தர்ற சாதாரண ஸ்பீக்கருக்கு 81 வாட் குடுத்தா 106 டெசிபல் வரும். வீட்டுக்குள்ள அதுக்கு மேல வேணும்னா உங்களுக்குத் தேவை ஆம்ப் இல்ல, காது டாக்டர்.

அளவுகோல்

36 வோல்ட்டுக்கு இன்னொரு காரணமும் சொல்லுவேன். டிபிஏ3255இன் கெயின் (பெருக்கம்) 21.5 டெசிபல், அதாவது ஏறக்குறைய 12 மடங்கு. வழக்கமான டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்று 2 வோல்ட் ஆர்எம்எஸ் (சைன் அலையின் உச்சத்தை 1.414ஆல் வகுத்த அளவு) தரும். அதை 12ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 24 வோல்ட் ஆர்எம்எஸ். 36 வோல்ட் சப்ளையில் கிளிப் ஆகாமல் கிடைக்கும் உச்சம் 25.5 வோல்ட் ஆர்எம்எஸ். ரெண்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது! முன்னால் இருக்கும் ஆப்ஆம்ப் சிக்னலைப் பெருக்கவே வேண்டாம், ஒற்றை சிக்னலை எதிரெதிர் ஜோடியாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். தேவையில்லாத கெயின் என்றால் தேவையில்லாத இரைச்சல். சென்சிட்டிவிட்டி அதிகமுள்ள ட்வீட்டரில் காது வைத்தால் "ஸ்ஸ்" என்று கேட்பதில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

பழைய_கையேடு

தம்பி, நல்ல முயற்சி. இந்த வகை ஆம்ப் ஏதோ நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். 1964லேயே சின்க்ளேர் எக்ஸ்-10 என்று ஒரு கிட் விற்றார்கள். தத்துவம் சரிதான், ஆனால் அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. பிறகு டிரைபாத் நிறுவனத்தின் டிஏ2020 வந்தபோதுதான் சின்னப் பெட்டிக்குள் கேட்கத் தகுந்த சத்தம் கிடைத்தது. 2009ல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் பத்திரிகை உலகை உலுக்கிய 25 சிப்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது அதற்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு ரெண்டு வருடம் முன்பே, 2007ல், டிரைபாத் திவாலாகிவிட்டது.

என் கருத்து: ஒரே சிப்பை நம்பி டிசைன் போட்டால் அந்தச் சிப் நின்றுபோகும் நாளில் டிசைனும் நின்றுபோகும். ஐஆர்எஸ்2092 டிரைவரும் தனி மாஸ்ஃபெட்டும் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்துச் செய்தால் மாஸ்ஃபெட்டையாவது மாற்றிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது.

சாலிடர்மணம்

ஐயா சொல்றது கத்துக்கிறவங்களுக்குச் சரி. ஆனா முதல் தடவை கட்டுறவர் கையில ஐஆர்எஸ்2092ஐக் குடுத்தா என்ன ஆகும்? பிளஸ் மைனஸ்னு ரெண்டு சப்ளை வேணும். அரைப்பாலம்ங்கிறதால (ஸ்பீக்கரோட ஒரு முனையை மட்டும் ஓட்டுறது) பேஸ் ஜாஸ்தியா ஓடும்போது ஒரு பக்கத்து மின்சாரம் மறு பக்கத்து சப்ளைக்குத் திரும்பி ஏறும், கெப்பாசிட்டர்ல வோல்டேஜ் உப்பும். டெட்டைமை, அதாவது ஒரு மாஸ்ஃபெட் மூடி அடுத்தது திறக்கிறதுக்கு நடுவுல விடுற இடைவெளியை, நாமதான் செட் பண்ணணும். குறைச்சா ரெண்டு மாஸ்ஃபெட்டும் ஒண்ணா திறந்து புகை. கூட்டினா டிஸ்டார்ஷன் ஏறும். அவுட்புட்ல டிசி வந்தா ஸ்பீக்கரைக் காப்பாத்த தனி சர்க்யூட் வேற.

ஒற்றைச் சப்ளை, முழுப் பாலம், எல்லாக் காவலும் உள்ளேயே. சிக்கனமான கிட்டுக்கு டிபிஏ3255தான். நின்னுபோற கதை எல்லாச் சிப்புக்கும் உண்டு ஐயா.

காசு விஷயத்துக்கு வர்றேன். இண்டக்டர்ல கை வைக்காதீங்க. 36 வோல்ட்ல 4 ஓமுக்கு உச்ச கரண்ட் 9 ஆம்பியர். 4 ஓம்னு எழுதின ஸ்பீக்கர் சில அலைவரிசைல 3 ஓமுக்கு இறங்கும், அப்போ 12. இதுக்கு மேல ஸ்விட்சிங் ரிப்பிள் உட்காரும்: 10 மைக்ரோஹென்றி, 600 கிலோஹெர்ட்ஸ், 36 வோல்ட்னா உச்சத்துக்கு உச்சம் 1.5 ஆம்பியர். அதுல பாதியைக் கூட்டினா கிட்டத்தட்ட 13. கோர் சாச்சுரேட் ஆகுற (மேற்கொண்டு காந்தம் ஏற முடியாம நிறையுற) அளவு 15 ஆம்பியருக்குக் கீழ இருக்கிற எதையும் வாங்காதீங்க. ஓவர்கரண்ட் காவல் விழிக்கிறதுக்கு முன்னாடியே கோர் சாச்சுரேட் ஆச்சுன்னா இண்டக்டர் வெறும் கம்பி. கரண்ட் செங்குத்தா ஏறும்.

சாச்சுரேஷன் மட்டும் பார்த்தாலும் போதாது. மலிவான பவுடர் கோர்ல கரண்ட் ஏற ஏற இண்டக்டன்ஸ் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அந்த இறக்கமே டிஸ்டார்ஷன். சிப்பை எவ்வளவு நல்லதா வாங்கினாலும், ஃபீட்பேக் (அவுட்புட்டை இன்புட்டோட ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துற வழி) ஃபில்டருக்கு முன்னாடியே எடுக்கப்படுறதால, அதைச் சரிபண்ண ஆள் கிடையாது.

புதுக்காது

கெப்பாசிட்டருக்கும் இதே கதையா? செராமிக் ரொம்ப மலிவா கிடைக்குதே.

சாலிடர்மணம்

அதே கதைதான். எக்ஸ்7ஆர்ங்கிற மலிவு செராமிக் வகைக்கு மேல வோல்டேஜ் ஏறினா கெப்பாசிட்டன்ஸ் இறங்கும். 1 மைக்ரோன்னு எழுதியிருக்கும், வோல்டேஜ் ஏறினா அதுல ஒரு பகுதி காணாமப் போயிருக்கும். பாட்டோட சேர்ந்து அது ஆடிக்கிட்டே இருந்தா ஃபில்டரும் ஆடும். சப்ளை டீகப்ளிங்குக்கு (சிப் பக்கத்துல சப்ளையை நிலையா வைக்கிறதுக்கு) எக்ஸ்7ஆர் தாராளமா போடுங்க, அதுக்காகவே பிறந்தது. அவுட்புட் ஃபில்டருக்கு மட்டும் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம். கெப்பாசிட்டர்ல மிச்சம் பிடிக்கிறது நாலே நாலு சின்ன உதிரியிலதான், அதுக்காக இவ்வளவு தலைவலி வேண்டாம்.

அளவுகோல்

ஃபில்டர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. மலிவு விலை கிளாஸ் டி போர்டுகளைப் பற்றி "உயர் சுரங்கள் குத்துகின்றன", "இல்லை, மந்தமாக இருக்கின்றன" என்று ரெண்டு விதமாகவும் சண்டை போடுவார்கள். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

10 மைக்ரோஹென்றி, 1 மைக்ரோஃபாரட் என்றால் ஃபில்டரின் வெட்டு அலைவரிசை 50 கிலோஹெர்ட்ஸ். பாலத்தின் ஒவ்வொரு காலும் ஸ்பீக்கரில் பாதியைத்தான் பார்க்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 ஓம், அப்போது 20 கிலோஹெர்ட்ஸில் 0.4 டெசிபல் இறக்கம். 8 ஓமுக்கு 4 ஓம், அப்போது அதே இடத்தில் 0.9 டெசிபல் *ஏற்றம்*. ஒரே ஆம்ப், ஸ்பீக்கர் மாறினால் 1.3 டெசிபல் வித்தியாசம்! இது தூய மின்தடைக்கான கணக்கு. நிஜ ட்வீட்டரின் இம்பீடன்ஸ் மேலே போகப் போக ஏறும், அதனால் ஏற்றம் இன்னும் கூடும். ஸ்பீக்கரே மாட்டாமல் 50 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்தால் ஃபில்டர் ரெசனன்ஸில் எகிறும்.

இதற்கு மருந்து ஃபில்டருக்குப் பின்னாலிருந்து, அதாவது ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே ஃபீட்பேக் எடுப்பது. சுருக்கமாக பிஎஃப்எஃப்பி (போஸ்ட் ஃபில்டர் ஃபீட்பேக்). இந்த வரிசைச் சிப்களுக்கு அதை எப்படிச் செய்வது என்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ரெசிஸ்டரும் சின்னக் கெப்பாசிட்டருமாகச் சில உதிரிகள்தான், செலவு என்று சொல்லவே ஒன்றுமில்லை. லோடு மாறினாலும் ரெஸ்பான்ஸ் நேராக நிற்கும், இண்டக்டரின் டிஸ்டார்ஷனும் ஃபீட்பேக்குக்குள் வந்து குறையும்.

நாதஅலை

அப்படியென்றால் பிஎஃப்எஃப்பி போட்டுவிட்டு இண்டக்டரில் கொஞ்சம் மலிவாகப் போகலாமே? சாலிடர்மணம் கோபப்பட வேண்டாம் :)

சாலிடர்மணம்

கோபமெல்லாம் இல்ல. டிஸ்டார்ஷனை ஃபீட்பேக் குறைக்கும், சாச்சுரேஷனைக் குறைக்காது. 15 ஆம்பியர் கணக்கு அப்படியே நிக்கும். அதோட, இப்போ இண்டக்டர் ஃபீட்பேக் வளையத்துக்குள்ள வந்துடுச்சு. மலிவு சரக்கோட மதிப்பு பீசுக்குப் பீஸ் மாறினா ஸ்டெபிலிட்டியும் பீசுக்குப் பீஸ் மாறும். ஒருத்தர் கட்டினது பாடும், இன்னொருத்தர் கட்டினது ஊளையிடும்.

அளவுகோல்

ஆமோதிக்கிறேன். பிஎஃப்எஃப்பி இலவசம் இல்லை. சிப்பின் கெயின் குறையும், நான் மேலே பெருமையாகச் சொன்ன 2 வோல்ட் கணக்கு உடையும், ஆப்ஆம்ப் கொஞ்சம் பெருக்கித்தான் ஆக வேண்டும். லோடு இல்லாத நிலையில் ஃபேஸ் மார்ஜின் (ஊளையிடாமல் நிற்பதற்கு இருக்கும் இடைவெளி) குறையும், அதற்காக அவுட்புட்டில் ஒரு ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி போட்டு ரெசனன்ஸை அடக்க வேண்டும். இருந்தாலும் நான் போடுவேன். காதுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றம் தரும் ஒரே சங்கதி இந்த டிசைனில் அதுதான்.

பழைய_கையேடு

போர்டு வரைவதைப் பற்றி யாருமே பேசவில்லையே. உதிரிப் பட்டியல் பிரமாதமாக இருந்து, போர்டு மோசமாக இருந்தால் எல்லாம் வீண்.

சப்ளைக் காலுக்கும் அதன் பக்கத்து கிரவுண்ட் காலுக்கும் நடுவே 1 மைக்ரோ செராமிக் எங்கே உட்காருகிறது என்பதில்தான் ஆம்பின் ஆயுள் இருக்கிறது. காப்பர் தடத்தில் 1 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி என்று வைத்துக்கொள். 10 ஆம்பியர் கரண்ட் 10 நானோவினாடியில் ஒரு மாஸ்ஃபெட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. கெப்பாசிட்டர் 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஒவ்வொரு தாவலுக்கும் 5 வோல்ட் கூடுதலாகச் சிப்பின் தலையில் விழும். வினாடிக்கு 6 லட்சம் சுற்று! சப்ளையை 36ல் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட உச்ச வரம்பு 53.5 வோல்ட், 48ல் நின்றால் மூச்சுவிட இடம் குறைவு.

அப்புறம் அந்த ரெண்டு அடுக்கு போர்டில் கீழ் அடுக்கை முழுக்க கிரவுண்டாக விட்டுவிடு. "ஒரே ஒரு தடம்தானே" என்று குறுக்கே வெட்டாதே. ஸ்விட்சிங் காலிலிருந்து இண்டக்டர் வரைக்கும் உள்ள காப்பரைக் குட்டையாக வை. அங்கே அகலம் வேண்டும் என்று பெரிய திடலாக விட்டால் அது ஆன்டெனா. கட்டி முடித்ததும் ஒரு ஏஎம் ரேடியோவைப் பக்கத்தில் கொண்டுபோ. 600 கிலோஹெர்ட்ஸ் நடு வீட்டில் ஸ்டேஷன் நடத்துவதைக் கேட்கலாம். ஸ்பீக்கர் வயர் பக்கத்திலும் இரைந்தால் ஃபில்டரில் குறை. சிப் பக்கத்தில் மட்டும் என்றால் உலோகப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

நாதஅலை

ஐயா, கீழ் அடுக்கில் 12 வோல்ட் தடம் ஒன்று குறுக்கே ஓடுகிறது. இன்றே மேலே தூக்கிவிடுகிறேன். சிப்புக்கும் ஆப்ஆம்புக்கும் அந்த 12 வோல்ட் 7812 ரெகுலேட்டரிலிருந்து வருகிறது. 36 வோல்ட்டுக்கு மாறினால் அதை அப்படியே விட்டுவிடலாம்தானே?

சாலிடர்மணம்

ஐயோ வேண்டாம். 7812ஓட இன்புட் உச்சமே 35 வோல்ட்தான்! 48க்கு அதை எப்படி வரைஞ்சீங்கன்னே தெரியல. எல்எம்317 போடுங்க. அதுக்கு இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல 40 வோல்ட் வரை தாங்கும், நமக்கு 24தான். 0.1 ஆம்பியர் எடுத்தா 2.4 வாட் சூடு, ஒரு சின்ன ஹீட்சிங்க் போதும். ஸ்விட்சிங் ரெகுலேட்டர் போட்டா சூடு மிச்சம். ஆனா அதோட அலைவரிசையும் சிப்போட அலைவரிசையும் ஒண்ணோட ஒண்ணு மோதி நடுவுல விசில் அடிக்க வாய்ப்பு இருக்கு. முதல் போர்டுக்கு லீனியரே இருக்கட்டும்.

புதுக்காது

ஒரு சந்தேகம் அண்ணா. எங்கிட்ட ஒரு சப்வூஃபர் இருக்கு, ஸ்பீக்கர் வயர்லயே இணைக்கிற இன்புட் உள்ளது. இந்த ஆம்ப்ல மாட்டலாமா? ஆசிலோஸ்கோப்ல அவுட்புட்டைப் பார்க்கவும் ஆசை.

அளவுகோல்

ரெண்டுக்கும் ஒரே எச்சரிக்கை. இந்த ஆம்பின் கறுப்பு டெர்மினல் கிரவுண்ட் இல்லை. சிவப்பும் கறுப்பும் ரெண்டுமே சப்ளையின் பாதியில், 36க்கு 18 வோல்ட்டில், நின்று எதிரெதிராக ஆடுகின்றன. ஸ்கோப் பிரோபின் முதலைக் கிளிப் எர்த்தில் இருக்கும். அதைக் கறுப்பில் மாட்டினால் பாலத்தின் ஒரு காலை நேராக கிரவுண்டில் கட்டிவிட்டதாக அர்த்தம். காவல் இருக்கிறது, பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். ரெண்டு பிரோபை ரெண்டு டெர்மினலிலும் வைத்து, கிளிப்களைப் போர்டு கிரவுண்டில் மாட்டி, ஸ்கோப்பில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.

சப்வூஃபரின் அந்த இன்புட்டில் ரெண்டு சானலின் மைனஸும் உள்ளே ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் மாட்டவே கூடாது. டிஏசியிலிருந்து தனி லைன் எடுங்கள், வம்பில்லை.

சவுண்ட் கார்டும் ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருளும் வைத்து அளக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஃபில்டருக்குப் பிறகும் ஒவ்வொரு காலிலும் 600 கிலோஹெர்ட்ஸ் மிச்சம் 0.16 வோல்ட் உச்சம் அளவுக்கு இருக்கும். காதுக்குக் கேட்காது, ஸ்பீக்கருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் சவுண்ட் கார்டின் இன்புட் அதைப் பார்த்துக் குழம்பி டிஸ்டார்ஷன் எண்களைக் கண்டபடி காட்டும். முன்னால் வோல்டேஜ் டிவைடரும் ரெண்டு கட்ட ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஃபில்டரும் வைக்காமல் எடுத்த கிராஃபை இங்கே போட வேண்டாம், சண்டைதான் வரும். ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடுக்குக் கம்பி சுற்றிய ரெசிஸ்டர் என்றால் இண்டக்டன்ஸ் குறைவான வகையாகப் பாருங்கள்.

வாட்_எதுக்கு

சப்ளை பத்தி ஒண்ணு. 36 வோல்ட் ரெடிமேட் எஸ்எம்பிஎஸ் வாங்கிக்கோங்க, மெயின்ஸ் பக்கத்துல சொந்தத் திறமையைக் காட்ட வேண்டாம். பாட்டோட சராசரி வாட் உச்சத்துல சின்னப் பங்குதான், அதனால ரெண்டு சானலுக்கும் சேர்த்து 150 வாட் சப்ளை தாராளம். பேஸ் குத்துக்கு போர்டுல பெரிய எலக்ட்ரோலைட்டிக் உதவும். ஆனா ஆசைப்பட்டு ஏகப்பட்டது அடுக்குனா, சில சப்ளை ஷார்ட்டுன்னு நினைச்சு எந்திரிக்கவே எந்திரிக்காது, விக்கிக்கிட்டே கிடக்கும்.

சிப்பை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட வாங்குங்க. தலையைச் சுரண்டி வேற நம்பர் அடிச்சது, பழைய போர்டுல இருந்து பிடுங்கினது எல்லாம் சந்தைல ஓடுது.

நாதஅலை

எல்லோருக்கும் நன்றி. திருத்திய திட்டம்: 36 வோல்ட், எல்எம்317, 15 ஆம்பியர் இண்டக்டர், பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர், கீழ் அடுக்கு முழுக்க கிரவுண்ட். மிச்சம் பிடிப்பது ஹீட்சிங்கிலும் பவர் சப்ளையிலும். 90 சதவீதத் திறன் என்று வைத்தாலும் 100 வாட் வெளியே போகும்போது 11 வாட்தான் சூடு, வீட்டுக் கேட்பில் அதுவும் வராது. பெட்டியின் அலுமினிய மூடியையே ஹீட்சிங்காக வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

பிஎஃப்எஃப்பி வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க ஒரு ஜம்பர் வைக்கவா? ஆன், ஆஃப் பண்ணும்போது வரும் "டப்" சத்தத்துக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

சாலிடர்மணம்

மூடி சமதளமா இருக்கணும், சிப் தலையோட முழுசா ஒட்டணும். மூடியை கிரவுண்டோட இணைக்க மறந்துடாதீங்க, இல்லன்னா அதுவே ஸ்விட்சிங் இரைச்சலை வாரி வீசும். "டப்"புக்கு ரீசெட் கால். 12 வோல்ட்டும் ஆப்ஆம்போட பயஸும் நிலைக்கிற வரை அதைக் கீழேயே பிடிச்சு வைங்க, ஆஃப் பண்ணும்போது சப்ளை இறங்க ஆரம்பிச்சதுமே முதல்ல அதைக் கீழே இழுங்க. ஒரு சின்ன சூப்பர்வைசர் ஐசி (சப்ளையைக் கண்காணிக்கிற சிப்) போதும். ஃபால்ட் காலுக்கு ஒரு எல்இடி வைங்க, கட்டுறவருக்குப் பாதிச் சந்தேகம் அதுலயே தீரும்.

அளவுகோல்

ஜம்பர் வேண்டாம். ஃபீட்பேக் தடம் சிப்பின் இன்புட் காலுக்கு வருகிறது, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள் இரைச்சலைப் பிடிக்கும். ரெசிஸ்டருக்கான இடத்தை மட்டும் போர்டில் விட்டு, முதலில் காலியாகக் கட்டுங்கள். 8 ஓம், 4 ஓம், லோடே இல்லாமல் என்று மூன்று நிலையில் ஸ்வீப் (கீழ் அலைவரிசையிலிருந்து மேலே வரை ஓட்டி எடுக்கும் அளவீடு) எடுத்துவிட்டு ரெசிஸ்டரைச் சேருங்கள். லோடு இல்லாத ஸ்வீப்பை மட்டும் சின்ன சிக்னலில் எடுங்கள், 50 கிலோஹெர்ட்ஸ் நெருங்கும்போது அவுட்புட் எகிறும். ரெண்டு சானலின் இண்டக்டர்களையும் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறீர்களா? போர்டு படத்தைப் போடுங்கள், பார்க்கலாம்.